லாட்ஜில் எல்லாமே வைஃபையில் ஓடணுமா? ஸ்மார்ட் கருவிகளுக்கு ஏற்ற இணைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கும் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கு வரும் பக்தர்கள், பீங்கான் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் கொள்முதல் செய்ய வரும் வியாபாரிகள், நெய்வேலிக்கு வேலையாக வருபவர்கள் எனப் பலரும் இங்கே தங்குகிறார்கள். மாசிமகம் சமயத்தில் அறை கிடைப்பதே கஷ்டம்.

இப்படிப்பட்ட ஊர்களில் சின்ன லாட்ஜுகளிலும் இப்போது ஸ்மார்ட் கருவிகள் வரத் தொடங்கிவிட்டன. செல்போனில் திறக்கும் பூட்டு, ஆள் இல்லாதபோது தானாக நிற்கும் ஏ.சி., நெட் டிவி, வராண்டாவில் கேமரா, மாடித் தொட்டியில் தண்ணீர் அளவு காட்டும் சென்சார் என்று பட்டியல் நீளுகிறது. விற்க வருபவர், “எல்லாம் வைஃபையில ஓடும் சார், ஒரு ரவுட்டர் போதும்” என்பார். உண்மையில் அப்படிப் போதாது. கருவி செய்யும் வேலையைப் பார்த்துத்தான் அதற்கான இணைப்பை முடிவு செய்ய வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் பணம் மிச்சமாகும், தங்க வருபவரின் பாதுகாப்பும் கெடாது.

முதலில் நான்கு கேள்விகள்

எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த நான்கையும் கேளுங்க.

1. இது எவ்வளவு தகவல் அனுப்பும்? கேமராவும் டிவியும் நொடிக்கு நொடி படம் அனுப்பும், வாங்கும். கதவு சென்சாருக்கு “திறந்தது, மூடியது” என்ற ஒரு சின்னச் செய்தி போதும்.
2. மின்சாரம் எங்கிருந்து வரும்? பிளக்கில் இருக்கிறதா, பேட்டரியில் ஓடுகிறதா?
3. எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை சுவர்?
4. நெட் போனால் அல்லது கரண்ட் போனால் என்ன ஆகும்?

நான்காவது கேள்வியைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

எந்த இணைப்பு எதற்கு?

வைஃபை: நிறைய தகவல் போகும் இடத்துக்கு ஏற்றது. இதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் பரவலாக உள்ளன. 2.4 சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். வைஃபைக்கு மின்சாரமும் அதிகம் தேவை. பேட்டரியில் ஓடும் பூட்டை எப்போதும் வைஃபையிலேயே வைத்திருந்தால் பேட்டரியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

ஜிக்பீ, த்ரெட்: சென்சார், ஸ்விட்ச், ஏ.சி. கட்டுப்பாடு போன்ற சின்னக் கருவிகளுக்கானவை. ஜிக்பீயின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட்தான், சென்சாருக்கு அது தாராளம். மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும். பிளக்கில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவியின் செய்தியை வாங்கிக் கைமாற்றிவிடும். வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவது போலத்தான். இதற்கு ‘ஹப்’ என்ற ஒரு மையப்பெட்டி தேவை.

புளூடூத்: செல்போனும் கருவியும் பக்கத்தில் இருந்து நேரடியாகப் பேசிக்கொள்ள ஏற்றது. போனை வைத்துத் திறக்கும் பூட்டுக்கு இது பொருத்தம். சாவி அனுமதி முன்பே போனில் வந்துவிடும் வகையாக இருந்தால், நெட் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும்.

லோரா: மிகக் குறைந்த தகவலை நீண்ட தூரம் கொண்டுபோகும். மாடித் தொட்டி, பின்பக்க போர்வெல் போன்றவற்றுக்கு ஏற்றது. இந்தியாவில் இதற்கு 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவையில்லாத அலைவரிசை இருக்கிறது. அமெரிக்காவுக்காகத் தயாரித்த 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கிடாதீங்க. அந்த அலைவரிசைக்கு இங்கே அந்த அனுமதி கிடையாது.

ஒயர்: கம்பியில்லா இணைப்பைப் பற்றிய பாடத்தில் ஒயருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் இடத்தை விட்டு நகராத கேமராவுக்கும் டிவிக்கும் கேபிள் இழுக்க முடிந்தால் அதுதான் நல்லது. அந்த இரண்டும் வைஃபையை விட்டு இறங்கிவிட்டால், தங்குபவர்களின் போன்களுக்கு இடம் கிடைக்கும்.

சுவர் என்ன செய்யும்?

விருத்தாசலத்தில் ஒரு சந்தேகம் வருவது இயல்பு: சுவரெல்லாம் டைல்ஸ், அது சிக்னலைத் தடுக்குமா? பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் ஃப்யூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் அதில் செய்கிறார்கள். சுவரில் ஒட்டும் மெல்லிய டைல்ஸ் ரேடியோ அலைக்குப் பெரிய தடை இல்லை. சொல்லப்போனால், பல சின்ன புளூடூத், வைஃபை கருவிகளுக்குள் இருக்கும் ஆன்டெனாவே பீங்கான் சில்லுதான்.

தடை எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, இரும்புக் கதவு, லிஃப்ட், கண்ணாடியின் பின்புற உலோகப் பூச்சு, தண்ணீர் நிறைந்த தொட்டி ஆகியவைதான் அலையை மடக்கிவிடும். பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ரவுட்டரை மறைத்து வைத்தால், பக்கத்து அறைக்கே சிக்னல் போகாது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கதவை மூடிவிட்டு ஒவ்வொரு அறையாக நின்று பாருங்க. எண் மைனஸில் காட்டும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 67 அல்லது அதைவிட மேல் என்றால் வீடியோ தடையின்றி ஓடும். மைனஸ் 80 என்றால் அந்த அறையில் தங்குபவர் கட்டாயம் கீழே இறங்கி வந்து புகார் சொல்வார்.

20 அறைக்கு ஒரு கணக்கு

அறைக்கு டிவி, பூட்டு, ஏ.சி. கட்டுப்பாடு, ஆள் நடமாட்ட சென்சார் என நான்கு கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். 20 அறைக்கு 80. அறைக்கு இரண்டு போன் என்றால் இன்னும் 40. கேமராக்களைச் சேர்க்காமலேயே மொத்தம் 120. வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரவுட்டர் இத்தனையைத் தாங்காது.

இதையே பிரித்துப் பாருங்க. டிவி 20-ம் கேபிளுக்குப் போகட்டும். ஏ.சி. கட்டுப்பாடும் சென்சாரும் சேர்ந்த 40 கருவிகள் ஜிக்பீக்குப் போகட்டும். பூட்டு 20-ம் புளூடூத்துக்கு. வைஃபையில் மிஞ்சுவது தங்குபவர்களின் 40 போன்கள் மட்டும். மாடிக்கு ஒரு நல்ல வைஃபை பெட்டி வைத்தால் சமாளித்துவிடலாம்.

ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால் இரண்டும் மோதிக்கொள்ள வாய்ப்புண்டு. வைஃபையை 1, 6, 11 என்ற சேனல்களில் மட்டும் வையுங்கள். ஜிக்பீயை 25-ஆவது சேனலில் வைத்தால் மோதல் குறையும். இந்த இரண்டு வரியையும் கருவி பொருத்த வருபவரிடம் காட்டினாலே போதும், அவருக்குப் புரியும்.

பூட்டு விஷயத்தில் இரட்டைக் கவனம்

ஆஸ்திரியாவில் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் கணினிகளை ஒருமுறை ஹேக்கர்கள் முடக்கினார்கள். அறைகளுக்குப் புதிய சாவி அட்டை போட முடியவில்லை. ஓட்டல்காரர் பிட்காயினில் பணம் கொடுத்துத்தான் மீண்டார். 2024 மார்ச்சில், உலகம் முழுக்க 131 நாடுகளில் சுமார் 30 லட்சம் கதவுகளில் இருந்த ‘சாஃப்லாக்’ வகைப் பூட்டுகளைப் போலி அட்டைகளால் திறக்க முடியும் என்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு பூட்டாகப் போய் அப்டேட் செய்யவோ மாற்றவோ வேண்டியிருந்தது.

அதனால் பூட்டு வாங்கும்போது இந்த மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நெட்டும் கரண்டும் இல்லாதபோது வெளியிலிருந்து திறக்க சாதாரணச் சாவி இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர், சாவியோ போனோ இல்லாமல் கைப்பிடியைத் திருப்பினாலே கதவு திறக்க வேண்டும். தீ விபத்து நேரத்தில் உயிரைக் காப்பது இதுதான். மூன்றாவது, மென்பொருள் அப்டேட்டை எத்தனை வருடம் தருவார்கள், எப்படித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விருந்தாளிக்கு ஒரு வழி, கருவிகளுக்கு ஒரு வழி

தங்குபவருக்குக் கொடுக்கும் வைஃபையும், கேமராவும் ஹப்பும் இருக்கும் இணைப்பும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஒரே பாஸ்வேர்டு என்றால், வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் யாரும் உங்கள் கேமராவைத் தட்டிப் பார்க்கலாம். பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, கருவிகளுக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு வையுங்கள்.

கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் ‘மிராய்’ என்ற தீய நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, அவற்றில் பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்ததால்தான்.

பொதுமக்களுக்கும் வைஃபை தர விரும்பும் லாட்ஜ், டீக்கடை, பெட்டிக்கடைக்காரர்கள் மத்திய அரசின் பி.எம்.-வாணி திட்டத்தில் சேரலாம். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தில் கடைக்காரருக்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ கிடையாது.

வாங்கும் முன், தங்கும் முன்

- பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.
- அலை வழியாக இயங்கும் கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் இ.டி.ஏ. ஒப்புதல் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள்.
- ‘மேட்டர்’ குறி இருந்தால் வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது எளிது.
- ரவுட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.
- முதலில் இரண்டு அறைகளில் மட்டும் பொருத்தி, ஒரு மாதம் பார்த்துவிட்டு மற்ற அறைகளுக்குப் போங்கள். அறைகள் நிரம்பும் திருவிழா நாளும் அந்த மாதத்தில் வந்தால் இன்னும் நல்லது.

தங்க வருபவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. வரவேற்பில் சரியான வைஃபை பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இணையுங்கள். பொது வைஃபையில் வங்கி வேலை வேண்டாம், சொந்த டேட்டாவைப் பயன்படுத்துங்கள். அறை டிவியில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால், காலி செய்யும்போது லாக்அவுட் செய்ய மறக்காதீங்க.

ஆன்லைனில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.