நான் படித்த நாவல்கள்

"கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்பது பழமொழி. ஆனால் பெண்பிள்ளை கையில் நாவலைக் கண்டால் மட்டும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கதை படிப்பவள் பாடம் படிக்கமாட்டாள் என்பது அவர்கள் எண்ணம். நான் படித்த நான்கு நாவல்கள் என் மனத்தில் என்ன செய்தன என்று கூறுகிறேன். தீர்ப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879-இல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை. பெண்கல்விக்காக வாதாடியவர். இதில் வரும் வேடிக்கைக் கதைகளைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாளும்போது, "இவ்வளவு அறிவுள்ளவள் பெண்ணாகவே ஆளக் கூடாதா?" என்ற கேள்வி எழுந்தது. சிரிப்பு நின்றது, கேள்வி நிற்கவில்லை.

அடுத்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்தது. வந்தியத்தேவனின் குதிரையோடு என் மனமும் ஓடியது. ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசனின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டிலேயே உள்ளது; நந்தினியோ கற்பனைப் பாத்திரம். இதை அறிந்தபின் எது வரலாறு, எது கற்பனை என்று தேடத் தொடங்கினேன். சரித்திரப் பாடம் இப்போது கசப்பதில்லை.

டாக்டர் மு.வ.வின் 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. அறிவும் அழகும் மிக்க சந்திரன் கட்டுப்பாடின்றிக் கெடுகிறான். சாதாரண மாணவனான வேலய்யன் நிதானமாக உயர்கிறான். அறிவுரை சற்று மிகுதி என்றே எனக்குப் பட்டது. ஆயினும் வகுப்பில் முதலிடம் பெறாத நம்மைப் போன்றவர்களுக்கு வேலய்யன் நல்ல துணை.

என்னை மிகவும் கலங்க வைத்தது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. நம் சோற்றில் விழும் ஒரு சிட்டிகை உப்புக்காகக் கொதிக்கும் வெயிலில் எத்தனை கால்கள் புண்ணாகின்றன! மக்களிடையே நேரில் சென்று பழகி எழுதிய இந்த ஆசிரியைக்குப் பதினைந்து வயதிலேயே திருமணம் நடந்துவிட்டது. அதிகம் பள்ளிக்கல்வி பெறாதவர். எனக்கும் இப்போது பதினைந்து வயது. பள்ளியில் அமர்ந்து படிக்கும் நம் பேறு எத்தகையது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஒன்று கேள்வி கேட்க வைத்தது, ஒன்று தேட வைத்தது, ஒன்று தேற்றியது, ஒன்று பிறர் துன்பத்தைக் காட்டியது. இவை பாடம் அல்லவா?

அன்புத் தோழியரே, நல்ல நாவல்களைத் தேர்ந்து படியுங்கள். அன்புள்ள பெற்றோரே, மகள் கையில் நாவலைக் கண்டால் பிடுங்குவதற்கு முன், "இதில் என்ன கண்டாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி