லயத்து மழைமானி

எங்கள் லயத்தில் மழைமானி வைக்கச் சொல்கிறார்கள். மண்சரிவு எச்சரிக்கைதான் போனுக்கே வருகிறதே, இது எதற்கு? — தோட்ட வாசகர், ருவான்வெல்லை

கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும் இரவுக்காகத்தான். போனுக்கு வருவது பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்குமான எச்சரிக்கை. மழையோ மலைக்கு மலை மாறும். பக்கத்து அரநாயக்கவில் 2016 மே 17இல் சாமசர மலை சரிந்ததும் விடாமழைக்குப் பின்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 என்றால் புறப்படத் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். இந்த மூன்று அளவுகளையும் மூன்று நிறக் கோடுகளாக மானியில் போட்டுவிட்டால், வாசிக்கத் தெரியாத ஆச்சியும் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். கூரையோரத்தில் மட்டும் வைக்காதீர்கள். தகரத்துத் தண்ணீரும் சேர்ந்தால் தூறலுக்கே லயம் காலியாகும்!

மானி சொன்னால் சனங்கள் போவார்களா என்பீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29இல் லயங்கள் புதையுமுன், அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. போக இடமில்லாதவருக்கு எச்சரிக்கை வெறும் சத்தம். ஆகவே வெளியேறச் சொல்லும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே போகவேண்டிய இடம் பாடசாலையா, கோயில் மண்டபமா என்று எழுதுங்கள். இரவில் அதன் சாவி யாரிடம் என்பதையும் தோட்ட நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். நிலத்தில் வெடிப்பு கண்டாலோ ஊற்று திடீரெனக் கலங்கினாலோ மானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிட்டு 117க்குச் சொல்லுங்கள்.