ஆளில்லாத தீவில் ஒரு பாடம்: 'மிஸ்ட்' கணினி ஆட்டமும் அதன் தொழில்நுட்பக் குறைகளும்

கம்ப்யூட்டர் கேம் என்றதும் நம்மில் பலருக்குத் துப்பாக்கியும் கார் ரேஸும்தான் ஞாபகத்துக்கு வரும். சுட எதிரி கிடையாது, ஓடுகிற கடிகாரம் கிடையாது. அப்படியும் உலகம் முழுக்க விற்ற ஆட்டம் ஒன்று உண்டு. அதுதான் 'மிஸ்ட்'. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் தங்கள் 'சயான்' நிறுவனத்தில் உருவாக்கியது. 1993-ல் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்தது. 2002-ல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை அதிகம் விற்ற பி.சி. ஆட்டம் இதுவே.

விளையாடி முடித்ததும், 'இதை எப்படிச் செய்தார்கள்?' என்று தேடிப் படித்தேன். எந்தப் பிரிவு மாணவருக்கும் பயன்படும் விஷயம் அதில் இருக்கிறது.

கதை

ஆளில்லாத தீவில் நிற்கிறோம். காற்றும் அலையும்தான் துணை. அங்கே ஒரு நூலகம். அதில் ஒரு சிவப்புப் புத்தகம், ஒரு நீலப் புத்தகம். சிர்ரஸ், அக்கெனார் என்ற சகோதரர்கள் ஆளுக்கொரு புத்தகத்தில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். 'என் பக்கங்களைத் தேடிக் கொண்டு வா, அவனை நம்பாதே' என்று இருவருமே கெஞ்சுகிறார்கள். யாரை நம்புவது? வேறு புத்தகங்கள் வழியாகப் பல 'யுகங்களுக்கு'ப் போய்ப் புதிர்களை அவிழ்த்து, நாம்தான் முடிவு கட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

அன்றைய ஒற்றை வேக சி.டி. டிரைவ், செகண்டுக்கு 150 கிலோபைட் மட்டுமே படிக்கும். ஆட்டத்தின் ஒரு படம் 544 x 333 புள்ளிகள். 256 நிறம் என்றால் புள்ளிக்கு 1 பைட். பெருக்கினால் சுமார் 1,81,000 பைட். சுருக்காமல் படித்தால் ஒரு படத்துக்கே ஒரு செகண்டுக்கு மேல் ஆகும்! டிரைவின் ஹெட் இடம் தேடி நகரும் நேரம் தனி. இந்த வேகத்தில் முழுத்திரை வீடியோ எங்கே ஓடும்?

சமாளித்த விதம்

1. தானே நகரும் காட்சியை விட்டுவிட்டு, சுமார் 2,500 அசையாப் படங்களை முன்கூட்டியே 3டி-யில் தயாரித்து, சுருக்கி வைத்தார்கள். கிளிக் செய்தால் அடுத்த படம். இதற்கு அடித்தளம் ஆப்பிளின் 1987-ஆம் ஆண்டு மென்பொருளான ஹைப்பர்கார்டு. அது கறுப்பு வெள்ளைக்கென்று பிறந்தது. நிறத்தைத் தனிச் செருகல் நிரலால் கொண்டுவந்தார்கள்.

2. ஒவ்வொரு யுகமும் தனி அடுக்கு. ஒரு யுகத்துக்குள் இருக்கும் வரை அதன் படங்கள் மட்டும் போதும். யுகம் மாறும் இடத்தில் கதைப்படியே ஒரு புத்தகம் திறக்கிறது.

3. என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். வீடியோவைச் சிறிய கட்டத்தில்தான் காட்ட முடியும், தெளிவும் குறைவு. சரி, சகோதரர்களைப் புத்தகப் பக்கத்துக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள்! பக்கங்கள் குறைவதால் உருவம் இரைச்சலோடு தெரிகிறது. பக்கம் சேரச் சேரத் தெளிகிறது. டிரைவின் குறை கதையின் உயிராகிவிட்டது.

தீராத குறைகள்

எல்லாம் இப்படி அழகாக முடியவில்லை.

அ) படம் சட்டென்று மாறுவதால் திசை குழம்பும். எவ்வளவு திரும்பினோம் என்றே தெரியாது. செலெனிட்டிக் யுகத்துச் சுரங்கப் பாதையில் சந்திக்குச் சந்தி கேட்கும் ஒலிதான் வழிகாட்டி. அதைப் பிடிக்காதவர் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவார்.

ஆ) விண்கலப் புதிரில் சுருதியைக் காதால் கேட்டுப் பொருத்த வேண்டும். காது கேளாதவர் என்ன செய்வார்?

இ) நடையைக் குறைக்க 'ஸிப்' என்ற தாவல் வசதி வைத்தார்கள். தாவும்போது வழியிலுள்ள துப்புகள் கண்ணில் படாமல் போகலாம்.

ஈ) பழைய விண்டோஸ் பதிப்பு 16-பிட் நிரல். 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது.

அடுத்த பாகமான 'ரிவன்' 1997-ல் 5 சி.டி.களில் வந்தது. தீவு விட்டுத் தீவு போகும்போது டிஸ்க்கை மாற்ற வேண்டும். மனசு கதையில் இருக்கும்போது கை டிரைவில்! 2000-ல் வந்த 'ரியல்மிஸ்ட்'டில்தான் அதே தீவில் தடையில்லாமல் நடக்க முடிந்தது.

நமக்கு என்ன?

மேலே சொன்ன இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியலில் இயந்திரத்தின் குறையை டிசைன் சுமக்கிறது. இரண்டாவதில் விளையாடுகிறவர் சுமக்கிறார்.

இறுதியாண்டு புராஜெக்டில் நமக்கும் இதே நிலைமைதான். லேப் சிஸ்டம் பழசு, மெமரி பத்தாது, மோட்டார் பவர் போதாது. வைவாவில் 'சிஸ்டம் ஸ்லோ சார்' என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பயன்படுத்துகிறவரிடம் அது செல்லாது. எனவே நோட்டின் முதல் பக்கத்திலேயே வேகம், மெமரி, பவர் எவ்வளவு என்று எண்ணால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, 'இந்தக் குறையை யார் சுமக்கப் போகிறார்கள்?' என்று கேட்டு எழுதுங்கள். அதற்கப்புறம் டிசைனைத் தொடங்கலாம்.