பெருங்காயத்துக்குள் ஒளிந்திருக்கும் கோதுமை

கோதுமை ஆகாதவர்கள் வெளியில் சாப்பிடுவது எப்படி? கொங்கு வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு உணவியல் ஆலோசகர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சீலியாக் நோய் என்று உறுதிசெய்து, கோதுமையை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சமாளித்துவிடுகிறோம். ஹோட்டலுக்குப் போனால் எதைக் கேட்பது, எதை விடுவது என்றே புரியவில்லை. சப்பாத்தி, பரோட்டா தவிர வேறு எதிலெல்லாம் கோதுமை இருக்கும்?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: இட்லியும் சோறும் தின்கிற ஊரில் இருக்கிறீர்கள் என்பதே பாதி நிம்மதி. மீதிப் பாதிக்குத்தான் கவனம் வேண்டும். ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான் என்பது பரிமாறுகிறவருக்குச் சட்டென்று தோன்றாது. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள, இந்த நோயைத் தூண்டும் புரதம்தான் குளூட்டன். 'குளூட்டன் இல்லாம ஏதாவது இருக்குங்களா?' என்று கேட்டால், 'அதெல்லாம் நாங்க போடறதே இல்லைங்க' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு பொருளை அவர் கடையில் வாங்கியதே இல்லை. அதனால் சமையலறைக்குத் தெரிந்த பெயர்களில் கேளுங்கள். முடிந்தால் மாஸ்டரிடமே கேளுங்கள்: 'அண்ணா, பாப்பாவுக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா நாலும் ஆகாதுங்க. துளி பட்டாலும் வயிறு கெட்டுடும். சாதா தோசையை எந்தக் கல்லுல ஊத்துவீங்க?'

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தோசை மாவில் கோதுமை இல்லை. ஆனால் ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே, சப்பாத்தி போட்ட கல்லிலேயே அதையும் ஊற்றினால் பயனில்லை. கொண்டைக்கடலை அளவு பரோட்டாத் துண்டிலேயே சுமார் 20 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். தனிக்கல் இல்லையென்றால் இட்லி, இடியாப்பம் என்று ஆவியில் வெந்ததைக் கேளுங்கள். உளுந்து வடையிலும் இதே சிக்கல்தான்: பூரியும் சமோசாவும் பொரிந்த எண்ணெயில் வெந்த வடை வேண்டாம்.

மதியச் சாப்பாட்டில் வெறும் சோறு, பருப்பு, நெய், தயிர், தாளிக்காத பொரியல் போதும். குருமாவைக் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றுவதுண்டு, கேட்காமல் வாங்காதீர்கள். கோபி 65, மஞ்சூரியன், சில்லி சிக்கன் எல்லாம் விலக்கு. அவற்றின் மேல்மாவில் மைதா. பெரும்பாலான சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. நம்மூர்த் தள்ளுவண்டிக் காளானும் விலக்குதான். முட்டைக்கோஸையும் காளானையும் மைதாவில் பிசைந்து பொரித்து, அதை உதிர்த்துக் குழம்பில் போட்டுத்தான் அந்தக் கொழகொழப்பு வருகிறது. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் பள்ளிபாளையம் சிக்கன் நல்ல துணை. சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை இவற்றோடு கோழி. முறையாகச் செய்தால் மாவுக்கு அங்கே வேலையே இல்லை. வதக்கும் சட்டி சுத்தமானதா என்று மட்டும் கேளுங்கள்.

கூட்ட நேரத்தில் போகாதீர்கள். காலை பதினொரு மணிக்கு மாஸ்டருக்குப் பதில் சொல்லப் பொறுமை இருக்கும். இரவு எட்டு மணிக்குப் பரோட்டா மாவு பறக்கும் அடுப்படியில் இருக்காது. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள ஹோட்டல்கள், ஒவ்வாமை தரும் பொருள்கள் பற்றிய விவரத்தை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2020இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு சாம்பார், ரசம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. பருப்பிலும் புளியிலும் கோதுமை இல்லையே, தாராளமாகச் சாப்பிடலாம்தானே?
(வாசகர், ஈரோடு)

பதில்: பருப்பிலும் புளியிலும் இல்லை, பெருங்காயத்தில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வரும் பெருங்காயப் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரசாரமானது. அதனால் வேலம்பிசினும் மாவும் கலந்து கட்டியாகவோ பொடியாகவோ விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதா. சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

எவ்வளவு ஆபத்து என்று ஒரு கணக்குப் போடுவோம். டப்பாவில் பாதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 1 கிராம் பொடியில் 50 மில்லிகிராம். அதை ஒரு லிட்டர் சாம்பாரில் போட்டால், 150 மில்லி கிண்ணத்தில் 7 அல்லது 8 மில்லிகிராம் வரும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடலில் பாதிப்பு தெரிவதில்லை. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் தொடர்ந்தால் குடல் கெடுகிறது என்பது ஆய்வுகள் காட்டியது. ஆக, ஒரு கிண்ணம் சாம்பாரில் குடி முழுகிவிடாது. ஆனால் நம் சாப்பாட்டில் பெருங்காயம் ஒரு கிண்ணத்தோடு நிற்பதில்லை. ரசம், மோர், ஊறுகாய், இட்லிப் பொடி, தயிர்ச்சாதத் தாளிப்பு என்று இலை முழுக்க அதுதான்.

வீட்டில் அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறுங்கள். வெளியில், 'எந்தப் பெருங்காயம் போடறீங்க, டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க' என்று கேட்பதில் தப்பில்லை. காட்ட முடியாத இடத்தில் சாம்பாரை விட்டுவிட்டு, நெய்யும் பருப்பும் போட்டுச் சாப்பிடுங்கள். அரிசிம்பருப்புச் சோறு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போதும் என்று பெருங்காயம் இல்லாமலே செய்கிற வீடுகள் இங்கே நிறைய. ஹோட்டலில் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது எங்கு பார்த்தாலும் சிறுதானிய உணவகங்கள். கம்பு, ராகி, சோளம் எல்லாம் எனக்கு ஆகும் என்று டாக்டர் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். கம்பு, ராகி, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் இல்லை. கம்மங்கூழ், ராகிக் களி, சோளச் சோறு, கூடவே கொள்ளுப் பருப்பு: நம் தாத்தா பாட்டி காலத்துச் சாப்பாடு அப்படியே உங்களுக்குப் பொருந்தும். ஆனால் 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டிச் சந்தைக்கு வந்த 'ராகி பிஸ்கட்', 'கம்பு பரோட்டா', 'தினை நூடுல்ஸ்' வேறு கதை. கோதுமையின் பிசுக்கு இல்லாமல் அவை விரிந்து வருவது கடினம் என்பதால் பாதிக்குப் பாதி மைதாவோ கோதுமையோ சேர்ப்பார்கள். பெயரில் சிறுதானியம் இருந்தால் போதாது. பொருள் பட்டியலைப் பாருங்கள். பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். சத்துமாவில் பொதுவாகவே கோதுமை உண்டு, சிலர் பார்லியும் சேர்ப்பார்கள். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும் இருக்கின்றன.

இன்னொன்று, தெருமுனை மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தக் கல்லில் விழும் உங்கள் ராகி, கோதுமை மாவோடுதான் பையில் இறங்கும். வீட்டு மிக்சியில் அரைப்பது நல்லது. முடியாவிட்டால் அரிசி, ராகி மட்டும் அரைக்கும் மில்லைத் தேடுங்கள். மாவு வாங்கிப் பயன்படுத்தும் உணவகத்திலும் இதையே கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் சொந்தத்தில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்றால் சங்கடமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: சங்கடத்தை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். கல்யாண வீட்டாரிடம் சொல்லி, சமையல் காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போடுங்கள். இலையில் என்னென்ன வரும் என்று கேளுங்கள். ஒப்புட்டு, சேமியா பாயசம், ரவா கேசரி, பூரி ஆகாது. சந்தகையும் தேங்காய்ப்பாலும் இருக்கிறதா? அது உங்களுக்கான பலகாரம். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் செய்த கச்சாயம் சாப்பிடலாம், எண்ணெய் தனியாக இருந்தால். சிலர் அதில் ரவையும் கலப்பார்கள் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பந்தியிலேயே உட்காருங்கள். மூன்றாம் பந்திக்குள் கேசரிக் கரண்டி பொரியலுக்குள் போய் வந்திருக்கும். 'ஒரு வாய் தின்னா என்ன ஆயிரப்போகுது கண்ணு?' என்று அத்தை கேட்பார். நோயின் வரலாற்றைச் சொல்ல வேண்டாம். 'டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க அத்தை, இன்னும் கொஞ்சம் சந்தகை வைங்க' என்று சொல்லுங்கள். உபசரிக்க ஏதோ ஒன்று கிடைத்துவிட்டால் அத்தைக்கு மனம் ஆறிவிடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதே வழிதான். அன்னதானத்தில் உப்புமா, கிச்சடியை விட்டுவிடுங்கள். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, நெய், ஏலக்காய் போன்றவைதான், பயமில்லாமல் சாப்பிடலாம்.

கேள்வி: கோவையிலிருந்து சென்னை, டெல்லி என்று வேலையாக அடிக்கடி போகிறேன். ரயிலிலும் விமானத்திலும் பட்டினிதான். வழி உண்டா?
(வாசகர், கோவை)

பதில்: ரயிலில் கட்டுச்சோறுதான் சிறந்த வழி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத்தில் டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டாம் என்று குறிப்பிடலாம். அந்தப் பணம் மிச்சம். இட்லிக்கு வீட்டில் இடித்த பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துப் போங்கள். வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை, பொரி பையில் இருக்கட்டும்.

முழுச் சேவை விமானங்களில் 'ஜிஎஃப்எம்எல்' என்ற குறியீட்டில் குளூட்டன் இல்லாத உணவு கேட்கலாம். பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். மலிவுக் கட்டண விமானங்களில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. விமானத்துக்குள் ஏறிக் கேட்டால் எங்கும் கிடைக்காது.

டெல்லியில் ஆட்டா, மைதா, சூஜி, தலியா என்ற நான்கு சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நான்கும் கோதுமை. நவராத்திரி சமயத்தில் போனால் 'விரதத் தாலி' கேளுங்கள். விரதத்தில் தானியம் கூடாது என்பதால் குட்டு மாவு, சிங்காடா மாவு, ஜவ்வரிசி, சாமா அரிசிதான் அதில் இருக்கும். பொரித்த எண்ணெய் எது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோதுமை தின்றால் வயிறு உப்புசமாக இருக்கிறது. நானே நிறுத்திவிடலாமா?
(வாசகர், கரூர்)

பதில்: நிறுத்தாதீர்கள், முதலில் சோதியுங்கள். கோதுமையை விட்டபின் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம். நம் பக்கம் இந்த நோய் அரிதுதான். டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், வடஇந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. வேறுபாடு தட்டில்: வடக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். இன்று நம் இரவுச் சாப்பாடு சப்பாத்திக்கு மாறிவருகிறது, கவனம் தேவைதான். ஆனால் உப்புசத்துக்கு வேறு காரணங்களும் ஏராளம். குடல் மருத்துவரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: இவ்வளவு பார்த்தும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?
(வாசகி, நாமக்கல்)

பதில்: முறிவு மருந்து கிடையாது. வயிற்றுப்போக்கு என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசல், கஞ்சி, ஓய்வு. குழந்தை சோர்ந்துபோனாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சீலியாக் இல்லாமல் கோதுமை ஒவ்வாமை மட்டும் உள்ளவர்களுக்கு உதடு வீங்கி மூச்சு முட்டினால் அது அவசரம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

தேறிய பிறகு எந்த ஊர், எந்தப் பலகாரம், எது தொட்டிருக்கலாம் என்று குறித்துவையுங்கள். அந்த ஒரு பலகாரத்தை மட்டும் பட்டியலிலிருந்து அடியுங்கள். வெளியே போவதையே நிறுத்திவிட வேண்டாம். முக்கியமாக, நோய் உள்ள பிள்ளைக்கு மாஸ்டரிடம் கேட்க வேண்டியதை அதன் வாயாலேயே கேட்கப் பழக்குங்கள். கல்லூரி விடுதிக்குப் போகும்போது நீங்கள் கூட இருக்க மாட்டீர்கள்.