கடலின் நிறம் சொல்லும் சேதி

குழந்தைக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் என்ன செய்கிறார்? நாக்கை நீட்டச் சொல்கிறார். கண்ணைப் பார்க்கிறார். நிறத்தை வைத்தே பல விவரங்களைத் தெரிந்துகொள்கிறார்.

கடலும் அப்படித்தான். அதன் நிறத்தைப் பார்த்தால் அதன் நலம் தெரியும். ஆனால் கடல் மிகப் பெரியது. படகில் போய் முழுவதையும் பார்க்க முடியாது. வானத்திலிருந்து பார்க்கலாம்.

இதற்காக இந்தியா ஓஷன்சாட் என்னும் செயற்கைக்கோள்களை அனுப்பியது. முதலாவது 1999இல் போனது. இரண்டாவது 2009இல் போனது. மூன்றாவது 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் உயரம் ஏறக்குறைய 740 கிலோமீட்டர். கட்கியிலிருந்து பெங்களூருக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்!

நிறம் என்ன சொல்லும்?

தெளிந்த கடல்நீர் நீலமாகத் தெரியும். வண்டல் கலந்தால் பழுப்பாகத் தெரியும். நுண்ணிய பாசி இருந்தால் பச்சையாகத் தெரியும்.

இந்தப் பாசிதான் கடலின் புல். அதைத் தின்னச் சிறு மீன்கள் வரும். அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வரும். ஐதராபாத்தில் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. அது கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து, மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்குச் சொல்கிறது. தேடி அலையும் நேரம் மிச்சம். டீசலும் மிச்சம்.

அளவு மிஞ்சினால்?

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியிருந்தது. நீரில் ஆக்சிஜன் குறைந்தது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்துக் கரை ஒதுங்கின.

இப்படிப்பட்ட நிறமாற்றம் பரவுவதைச் செயற்கைக்கோள் காட்டும். ஆனால் மேகம் மறைத்தால் அதற்குக் கடலின் நிறம் தெரியாது. சாக்கடையில் வரும் நோய்க்கிருமியும் தெரியாது. ஆகவே ஆட்கள் படகில் போய், புட்டியில் நீர் எடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.

நமக்கு என்ன?

கட்கியில் கடல் இல்லையே என்று நினைக்கிறீர்களா? நம் பக்கத்தில் ஓடும் முளா ஆறு, முத்தா ஆற்றுடன் சேர்ந்து பீமாவில் கலக்கிறது. பீமா கிருஷ்ணாவில் கலக்கிறது. கிருஷ்ணா வங்கக் கடலில் கலக்கிறது. ஆற்றில் விடும் சாக்கடை பாசிக்கு உரம். அது அளவு மீறிப் பெருக உதவும்.

செயற்கைக்கோள் நோயைக் காட்டும். மருந்து கொடுக்காது. கழிவு ஆற்றில் சேராமல் தடுப்பதே மருந்து. அதற்கு நாம் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. கடல் எப்போது பச்சையாகத் தெரியும்?
2. 2019இல் மன்னார் வளைகுடாவில் மீன்கள் ஏன் செத்தன?
3. உங்கள் தெருச் சாக்கடை எங்கே போகிறது? விசாரித்து எழுதுங்கள்.