ஒரு கேள்வி, இரு கண்கள்

இங்கிலாந்தில் சமூகவியலையும் தத்துவத்தையும் இணைத்து ஒரே பட்டமாகப் பயிலலாம். பொதுவாக அது மூன்றாண்டுப் படிப்பு. முதலாண்டில் அடிப்படைப் பாடங்கள். இறுதியாண்டிலோ பல பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்குப் பயிலும் என் பெரியம்மா மகள் எதை எடுப்பது என்று தவித்தார்.

"மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் பாடத்தை எடு, அம்மா" என்றார் பெரியப்பா. இறுதியாண்டு மதிப்பெண் பட்டத்தின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்வதால் அவர் கவலையும் நியாயமே. அக்காவோ முதலில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்: குற்றவாளியை ஏன் தண்டிக்கிறோம்?

தண்டனை நீதியானதா என்று தத்துவம் ஆராய்கிறது. குற்றம் செய்தவன் அதற்கு உரியவன் என்பதாலேயே தண்டிக்க வேண்டும் என்றார் ஜெர்மானிய அறிஞர் காண்ட். தண்டனை சமுதாயத்தில் என்ன செய்கிறது என்று சமூகவியல் ஆராய்கிறது. அது நேர்மையாக வாழ்வோரின் பொது உணர்வை உறுதிப்படுத்துகிறது என்று 1893-இல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் துர்கைம். அவரே தத்துவ ஆசிரியராக இருந்து சமூகவியலுக்கு வந்தவர்!

ஆகவே தத்துவத்தில் அறவியல், சமூகவியலில் குற்றமும் தண்டனையும், இரண்டையும் இணைக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரை என அக்கா முடிவு செய்தார். பெரியப்பாவும் இசைந்தார்.

தோழியரே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாமும் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். எது எளிது என்று கேட்கும் முன், எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறோம் என்று நம்மையே கேட்போமா?