உப்புக் காற்றும் பழைய ஒயரிங்கும்

மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். “ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சமாதானம் சொல்வதும் உண்டு. வெயில் வந்ததும் ‘ஷாக்’ நின்றுவிடுவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணமான குறை நீங்கிவிட்டதா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதைப் படிக்கப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம், இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய பழைய துறைமுகம் அது. இத்தகைய ஊர்களில் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடுகள் மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. ஒயர்கள் பின்னாளில் சுவரின்மேல் ஏறியவை.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கி வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் சுவரிலும் சுவிட்சிலும் ஃபியூஸ் கட்டையிலும் படிகிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. கரைந்த உப்போ நன்றாகக் கடத்தும். உங்கள் வேதியியல் பாடத்தில் மின்பகுளி என்று படித்தது இதுதான். உப்பு கரைவதற்கு மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சோடியம் குளோரைடு தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அடுக்களை உப்பு ஜாடி ஏன் கசிகிறது என்பதற்கும் இதுவே விடை. கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் 75க்கு மேல்தான். ஆகவே அங்கே மழையில்லாத நாளிலும் சுவிட்சின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கும். அதன் வழியே மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்கு இறங்குகிறது. இதுதான் மின்கசிவு.

ஒரு வார்த்தை. தீ விபத்துச் செய்திகளில் எதற்கெடுத்தாலும் ‘மின்கசிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, பெரும் மின்னோட்டம் பாய்வது குறுக்குச் சுற்று. காப்பு கெட்டு, சிறு மின்னோட்டம் தரைக்குப் போவது கசிவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதற்கு எது பாதுகாப்பு என்பதும் குழம்பிவிடும்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வலையை அலசிவிட்டு ஈரக் கையோடும் வெறுங்காலோடும் வரும் ஒருவர், கசிவுள்ள ஐஸ் பெட்டியைத் தொடுகிறார். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் ஒரு பகுதியே போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூசுக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது சூடாகக்கூட ஆகாது. ஃபியூஸ் ஒயரைத் தீயிலிருந்து காக்கத்தான் வைக்கப்பட்டது, ஆளைக் காக்க அல்ல.

இனி ஒயரைப் பார்ப்போம். மிகப் பழைய கட்டடங்களில் மரச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய ஒயர்களைக் காணலாம். அவற்றின் காப்பு, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர். கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். எனவே உள்ளே கம்பி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே அலுமினியம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. பொதுவாக, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காப்புப் பொருளின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு.

இறுகிய ரப்பரின் வஞ்சகம் என்னவென்றால், அசைக்காதவரை அது ஒழுங்காகவே இருக்கும். புது மின்விசிறி மாட்டவோ சுவிட்சு மாற்றவோ ஒயரை வளைத்த அன்றைக்குத்தான் பிஸ்கட்டைப்போல உதிரும். பழைய வீட்டில் “சுவிட்சை மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்பது சிக்கனமல்ல.

இணைப்புகளின் கதை வேறு. செம்பும் அலுமினியமும் சேருமிடத்தில் உப்புநீர் பட்டால் அங்கே ஒரு சிறு வோல்ட்டா மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிபடும். இணைப்பின் தடை கூடும். தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1 ஆம்பியர் பாயும்போது அங்கே உண்டாகும் வெப்பம் அரை வாட். 10 ஆம்பியர் பாய்ந்தால் 5 வாட் அல்ல, 50 வாட். மின்னோட்டத்தின் இருமடியை அல்லவா பெருக்க வேண்டும்! பற்றவைக்கும் மின்கோலின் சூடு சுவருக்குள் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

சரி, சோதிப்பது எப்படி? முதலில் தொடாமல் சோதியுங்கள். சுவிட்சுப் பலகையில் பழுப்புக் கறை, கருகிய வாடை, ‘கிர்ர்’ ஒலி, செம்பில் பச்சைப் பூச்சு, ஒயருக்குப் பின்னே உப்புப் பூத்துப் பொரிந்த சுவர் ஆகியவற்றைக் கண், மூக்கு, காது மூன்றும் காட்டிக்கொடுக்கும். அடுத்து மீட்டரைப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, மெயினை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் 11.5 வாட் வீணாகும். யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் மின்னணு மீட்டரில், அந்தச் சிவப்பு விளக்கு ஏறத்தாழ 98 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டும். ஓராண்டில் சுவர் குடித்தது 100 யூனிட்! ஆனால் விளக்கு சிமிட்டவில்லை என்பதற்காகக் குறையே இல்லை என்று கொள்ள முடியாது; சிறு கசிவை மீட்டர் காட்டாமல் விடலாம்.

அதற்கு மேல் உள்ள வேலை, உரிமம் பெற்ற ஒயர்மேனுடையது. மூடியைத் திறப்பதும் ஒயரைத் தொடுவதும் உங்களுக்கு வேண்டாம். அவர் மெயினை அணைத்து, ‘மெக்கர்’ என்னும் கருவியால் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்துக் காப்பின் தடையை அளப்பார். 230 வோல்ட்டுக்கு எதற்கு 500? மாறுமின்னழுத்தத்தின் உச்சம் 230 × 1.414, அதாவது 325 வோல்ட். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தால்தான் பலவீனம் தெரியும். இந்திய மின்சார விதிகள், 1956 இதற்கு வகுத்த குறைந்தபட்ச அளவு 1 மெக்ஓம். கடலோர வீட்டில் இந்த அளவைச் சித்திரை வெயிலில் நண்பகலில் எடுத்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு விடியற்காலை எடுத்த அளவே நம்பத்தக்கது.

எர்த் விஷயத்தில் பழவேற்காடு ஒரு விசித்திரம். மற்ற ஊர்களில் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போதுதான் மண் நன்றாகக் கடத்தும். இங்கே நிலத்தடி நீரிலேயே உப்பு இருக்கிறது. கடத்துவதற்குக் குறைவில்லை. ஆனால் அதே உப்பு, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயையும் தின்றுவிடுகிறது. மேலே கம்பி பத்திரமாகத் தெரியும். கீழே குழாய் இற்றுப்போயிருக்கலாம். எர்த் தடையையும் கருவியால் அளந்தாக வேண்டும்.

ஆளைக் காக்கும் கருவி ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் ஒரு வினாடிக்குள்ளாகவே துண்டித்துவிடும். இதைப் பழைய ஒயரிங்கில் மாட்டினால் அடிக்கடி ‘டப்’பென்று விழும். பத்துக் கிளைகளில் தலா 3 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கூட்டுத்தொகை 30 ஆகிவிடுகிறதே! “கருவி கெட்டுவிட்டது” என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்பவர்கள் உண்டு. கிளைகளை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தால், எந்த அறைக் கம்பி கசிகிறது என்பதை அதே கருவி காட்டிவிடும். அதில் ‘டெஸ்ட்’ என்றொரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கும்படி வீட்டில் சொல்லுங்கள். அழுத்தியதும் விளக்குகள் அணைய வேண்டும்.